ஐரிஷ் கவுன்சிலர் அங்கிளுக்கு

இன்று காலை ஸ்ரீட்கார் ட்ராமில் என் பக்கத்தில் ஒரு முதியவர் வந்து உட்கார்ந்தார். பனியில் நனைந்த கம்பளிக் கோட்டின் வாசனையோடு பெப்பர்மின்ற் வாசனையும் கலந்து வந்தது. திரும்பிப் பார்க்குமுன்பே உங்கள் பெயர் வாய்க்கு வந்துவிட்டது, அங்கிள். நீங்கள் போன பிறகு இது இரண்டாவது பனிக்காலம்.

முதன்முதலில் உங்களைக் கண்டதும் இப்படியொரு குளிரில்தான். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் கட்டடத்தின் ஹீற்றர் நின்றுபோய், பிள்ளைகளை ஜக்கெற்றோடு படுக்கவைத்திருந்தோம். முறையிட்டால் வீட்டைவிட்டு எழுப்புவேன் என்று மனேஜர் மிரட்டினார். எங்கள் பகுதிக் கவுன்சிலரான நீங்கள் வந்து, லொபியில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அவருடைய கதவுக்கு நேரெதிரே உட்கார்ந்தீர்கள். நகரசபையில் உங்களுக்குக் கடமைப்பட்டவர்களையெல்லாம் அங்கிருந்தே போனில் பிடித்தீர்கள். பின்னேரம் வீடுகள் சூடாகின.

போகும்போது என்னிடம் வந்தீர்கள். நீங்கள் பேசிய ஆங்கிலம் என் நினைவில் எங்கள் தமிழாகவே நிற்கிறது.

"தேர்தல் வருது. இந்தக் கட்டடத்தின்ரை வோட்டை எனக்குச் சேர்த்துத் தாரும்."

எனக்குச் சுரீரென்றது. "அப்ப வோட்டுக்காகத்தான் செய்தனீங்களோ?"

"ஓம்" என்றீர்கள், எங்கள் ஆட்களிடம் பொறுக்கிய சொல்லால். "என்ரை பாட்டனாரை ஐரிஷ் கத்தோலிக்கன் எண்டு இந்த நகரம் வேலைக்கு எடுக்கேல்லை. நாங்கள் கெஞ்சேல்லை. வோட்டை ஒண்டாக் கட்டினம். கேக்க வெக்கப்படாதையும்."

அன்றிலிருந்து உங்களுக்காக மாடி மாடியாக ஏறினேன். பத்திரிகைகள் உங்களைக் 'கொடுத்து வாங்கும்' அரசியல்வாதி என்று எழுதின. எழுதியவர்களின் வீட்டில் ஒருநாளும் ஹீற்றர் நின்றிருக்காது.

கடைசித் தேர்தலில் உங்கள் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கூட இருந்தவர்களே விலகச் சொன்னார்கள். எதிரே நின்றவர் தமிழர்; படித்த, நல்ல பொடியன். கோயில் மண்டபத்தில் ஒரு அண்ணை எல்லாருக்கும் முன்னால் என்னைக் கேட்டார்:

"தங்கச்சி, எங்கட பொடியன் நிக்கேக்கை அந்த வெள்ளைக்காரக் கிழவனுக்குப் பின்னால திரியிறீர். வெக்கமில்லையோ?"

"இல்லை அண்ணை. நாங்கள் விறைச்சுக் கிடக்கேக்கை வந்தவர்தான் எங்கட ஆள்."

பலர் பிறகு என்னோடு கதைப்பதை விட்டார்கள். விடட்டும் என்று இருந்தேன்.

தோற்றீர்கள். மறுநாளே தடியை ஊன்றிக்கொண்டு நன்றி சொல்லக் கதவு கதவாக வந்தீர்கள். நான் அழுதேன்.

"அழுறதை விடும். நான் தோத்தாப்போலை உங்கட பிரச்சினையளும் தோத்துப் போச்சுதோ? இனி நீர் போய்க் கேளும்."

உங்கள் இறுதிப் பூசையில் பேசிய ஒருவர், அந்தக் காலத்து அரசியல் உங்களோடு முடிந்ததென்று மரியாதையாகச் சொன்னார். "முடியேல்லை" என்றேன். தேவாலயத்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

போன கிழமை எங்கள் பிள்ளைகள் விளையாடும் இடத்தை நகரசபை ஆட்கள் பூட்டிவிட்டார்கள். புதுக் கவுன்சிலரின் அலுவலகத்தில் இருந்த பிள்ளை, "ஈமெயில் போடுங்கோ அன்ரி" என்றாள். போடவில்லை. கட்டடத்துத் தாய்மாரைக் கூட்டிக்கொண்டு நேரே போனேன். உங்களைத் தோற்கடித்த அதே பொடியன் எழுந்து வந்தார். செய்தால் என்ன தருவோம் என்று சொன்னேன்; செய்யாவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் சொன்னேன். பூட்டு மறுநாளே போய்விட்டது.

அடுத்த தேர்தலுக்கு அவர் வோட்டுக் கேட்டு வரட்டும், அங்கிள். முதலில் என்னோடுதான் பேசவேண்டும்.