உன் பெயரில் என் சிறுநீர்

இன்று ஆலையில் மருத்துவ முகாம். கழிப்பறையின் பினாயில் நெடியில், என் பெயர் ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னுடையதை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

உனக்குத் தொண்டை கட்டினால் மறுநாளே சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். கம்பி உருட்டும் ஆலையில் எதற்கும் சூட்டைத்தான் காரணம் சொல்வோம். "உஷ்ணம் மச்சான், எளநி குடி" என்றவன் நான்தான்.

கும்மிடிப்பூண்டியில் நம்மைப் போன்ற ஒப்பந்தத் தொழிலாளிக்கு வருடத்துக்கு ஒரு பரிசோதனை. நோய்க்கு வைத்தியம் பார்ப்பதற்கில்லை, நோயாளியை வெளியே தள்ளுவதற்கு. சிறுநீரில் கோளாறு தெரிந்தால் கேட் பாஸைப் புதுப்பிக்கமாட்டார்கள். அதனால் நமக்குள் ஒரு வழக்கம்: உடம்பு நன்றாக இருப்பவன் இரண்டு டப்பா நிரப்புவான். சூப்பர்வைசருக்கும் தெரியும். பழகிய கை போனால் அவருக்கும்தானே பேஜாரு.

ஒரு வருடம் முகாமில் நீ கேட்டாய்: "எனுக்கும் கொஞ்சம் குடுடா. உன்து தண்ணி மாரி கீது."

"ஊத்திக்கினு போ. நாளைக்கு உனுக்கு கொயந்த பொறக்கும்னு ரிப்போர்ட் வந்தா என்னைக் கேக்காத."

இருவரும் சிரித்தோம். அறிக்கையில் எல்லாம் சரி என்று வந்தது. அது என்னுடையது என்று தெரிந்தும், அந்தத் தாளைப் பார்த்து நீ நிம்மதியானாய். ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

மறுவருடம் முகம் வீங்கி, மூச்சு வாங்கி, பெரியாஸ்பத்திரியில் சேர்ந்தாய். ஊசியால் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்த்த டாக்டரம்மா விளக்கினார்: "கிருமியோட சண்டை போட உடம்பு ஆன்டிபாடின்னு ஒண்ணைச் செய்யும். உங்களுக்கு அது குறையோட உருவாகுது. அதை அந்நியம்னு நெனச்சு உடம்பே இன்னொரு ஆன்டிபாடியை அனுப்புது. ரெண்டும் ஒட்டிக்கிட்டு சிறுநீரகத்தோட வடிகட்டியில போய்த் தங்கி, அதைப் புண்ணாக்கித் தழும்பாக்கிடுது."

நீ கேட்டாய்: "கோணக் கம்பி ரோலர்ல மாட்டிக்கினா மில்லே நின்னுடுமே, அந்த மாரியாம்மா?"

அவர் சிரிக்கவில்லை. பழைய அறிக்கையைப் புரட்டினார். "தழும்பெல்லாம் பழசு. போன வருஷ ரிப்போர்ட் எப்படிச் சுத்தமா இருக்கு? அப்பவே தெரிஞ்சிருந்தா உப்பைக் குறைச்சு, மாத்திரை குடுத்து, இதைத் தள்ளிப்போடப் பார்த்திருக்கலாம்."

நான் வாய் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய். "தெர்லம்மா."

வெளியே வந்ததும் சொன்னாய்: "சொன்னா உன் பாஸும் பூடும். நான் கேட்டேன், நீ குடுத்த. உடு."

டயாலிசிஸுக்கு லீவு கேட்டாய். ஆலை உன் பாஸை ரத்து செய்தது. எதைக் காப்பாற்றப் பொய் சொன்னோமோ அதுவும் போனது. அந்த வருடமே நீயும் போய்விட்டாய். ரத்து செய்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சமல்ல. ஆனால் டப்பாவை நிரப்பியது அவர்கள் இல்லை.

காரியத்தன்று உன் மனைவி வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "போன வருஷம்கூட டெஸ்டுல நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு வந்த நோவு, யார் இன்னா பண்றது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "கூடவே இருந்தீங்களே, நீங்களே சொல்லுங்கண்ணா."

"ஆமாம்மா, திடீர்னுதான்" என்றேன்.

அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள எளாவூருக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் உன் தெருமுனையிலேயே திரும்பிவிட்டேன்.