நான் முந்திக்கொண்டு சொன்ன பதில்கள்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, பழக்கதோஷம். அந்த வரியைத்தான் கொஞ்ச மாதமாகப் போனில் உன்னிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன், அது பொய். அம்மா குரல் என்னவோ போலிருக்கிறதே என்று நீ கேட்டபோது சளி என்றேனே, அதுவும் பொய். இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் கிடந்தாள். இப்போது தேவலை, பதறாதே, உடனே டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிடாதே. நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை போனை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் அங்கே மழையா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். உன் முகமும் குரலும் இல்லாத இடத்தில்தான் எனக்கு இது வரும் போலிருக்கிறது. படித்துவிட்டு நீ என்னைத் திட்டலாம், திட்டத்தான் வேண்டும்.

உன் தங்கைக்கு அரசாங்கம் செய்கிற உதவி உனக்குத் தெரிந்ததுதான். காலையில் ஓர் உதவியாளர் அக்கா வந்து அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போவார். அவருடைய சம்பளம் அரசாங்கத்துடையது. வீட்டில் பார்த்துக்கொள்பவர் என்று உன் அம்மா பெயருக்கும் ஒரு தொகை வரும். அக்கா வந்து போனால்தான் உன் தங்கை நேரத்துக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியும், பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள்களை அடித்துக் கொடுக்க முடியும். ஒற்றை விரலால் அடித்தாலும் ஒரு பிழை இருக்காது என்று தலைமையாசிரியரே சொல்லியிருக்கிறார். இந்த உதவியெல்லாம் தொடரலாமா, கூட்டலாமா, குறைக்கலாமா என்று சில வருடத்துக்கு ஒருமுறை ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பார். முன்பெல்லாம் நான் போட்டோ ஸ்டூடியோவில் இருப்பேன், உன் அம்மாதான் பேசி அனுப்புவாள். இந்தத் தடவை ஸ்டூடியோவை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கிறேன் அல்லவா, சும்மா இருக்க முடியுமா, நீ அடுப்பைப் பார், வருகிறவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஆயுள் முழுக்க நான் செய்த வேலை என்ன? மாறுகண் மாப்பிள்ளையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி உட்காரவைப்பேன், வழுக்கையில் பவுடர் ஒற்றிப் பளபளப்பை எடுப்பேன், ஒரு கால் குட்டையானவர் என்றால் முன்னால் ஒரு பூந்தொட்டியை நகர்த்திவைப்பேன். என் ஸ்டூடியோவில் யாரும் உள்ளது உள்ளபடி படத்தில் விழுந்ததில்லை, அதுதான் எனக்குப் பெருமை. அதே கையோடு அன்று வீட்டில் இறங்கினேன். ஓட்டை வைத்த கழிப்பறை நாற்காலியைக் கொல்லைப்பக்கம் தள்ளினேன். கட்டிலில் விரித்திருந்த ரப்பர் ஷீட்டைச் சுருட்டி ஒளித்தேன். அவளைத் தூக்கும்போது இடுப்பில் கட்டுகிற பெல்ட், சாப்பிடும்போது கழுத்தில் கட்டுகிற துண்டு எல்லாம் பீரோவுக்குள் போயின. நல்ல உடுப்புப் போடச் சொல்லி, நாற்காலியை வெளிச்சம் விழுகிற மாதிரி ஜன்னலோரம் திருப்பி, மடங்கிப்போன இடது கையைச் சால்வைக்குள் மறைத்துவைத்தேன். "எனக்கு இப்படி உக்காந்தா வலிக்குதுப்பா" என்றாள். கொஞ்ச நேரம்தான் பொறுத்துக்கோ என்றேன். போட்டோ எடுக்க வருகிறவர்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

அதிகாரியம்மா நல்ல மாதிரி. வந்ததும் நேராக உன் தங்கை முன்னால் குனிந்து, உங்களை எப்படிக் கூப்பிடணும் என்று கேட்டார். பாப்பான்னே கூப்பிடுங்க, நாங்கள்லாம் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று நான் சொன்னேன். முப்பது வயது தாண்டியவளை! உனக்குத் தெரியும், அவளுக்குப் பேச ஆரம்பிப்பதுதான் கஷ்டம், முதல் எழுத்தைப் பிடிக்க வாய் கொஞ்சம் போராடும், பிடித்துவிட்டால் கணீரென்று சொல்லிவிடுவாள். அந்த முதல் எழுத்துக்குக்கூட நான் இடம் கொடுக்கவில்லை. தானா சாப்பிடுவாங்களா என்றார், ஓ சாப்பிடுவாளே என்றேன். ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்தால் தின்பாள், அவ்வளவுதான், சோறு உன் அம்மாதான் ஊட்ட வேண்டும். ராத்திரி யாராவது எழுந்திருக்க வேண்டியிருக்குமா என்று கேட்டார். அடித்துப்போட்ட மாதிரி தூங்குவா என்றேன். தம்பி, அதை நான் பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. உன் அம்மா தினமும் ராத்திரியில் எழுந்து அவளைப் புரட்டிப் படுக்கவைக்கிறாள் என்பதே அன்று எனக்குத் தெரியாது, பின்னால் அவள் படுக்கையில் விழுந்தபோதுதான் தெரிந்தது. அடித்துப்போட்ட மாதிரி தூங்கியது நான்தான். பக்கத்தில் படுத்திருப்பவள் எழுந்து போவதும் வருவதும் தெரியாமல் இத்தனை வருடம் குறட்டை விட்டிருக்கிறேன், இதை எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது.

அவங்களே சொல்லட்டுமே சார் என்று அதிகாரியம்மா இடையில் ஒருமுறை சொன்னார். அவ சொல்றதைத்தான் நான் சொல்றேன் என்றேன். உன் அம்மா சமையலறை வாசலில் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள், வாயைத் திறக்கப் போனவளை ஒரு பார்வை பார்த்தேன். டீ கொண்டுவந்தபோது உன் தங்கைக்குக் கொடுக்காதே, மேலே சிந்திக்கொள்வாள் என்று ஜாடை காட்டினேன். அவளுக்கு நாக்கு வறண்டிருந்தது, நானும் அதிகாரியம்மாவும் அவள் எதிரில் உட்கார்ந்து குடித்தோம். எங்களுக்கு யார் தயவும் பெரிசா தேவைப்படலைம்மா, குடும்பமா சமாளிக்கிறோம் என்று வேறு அளந்துவிட்டேன். ரொம்ப நல்லா பாத்துக்கறீங்க சார் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார், எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்க உன் தங்கை என்னிடம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு வந்தது. இவர் பெரும்பாலும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார், குடும்பத்தின் துணை போதுமானது, ஆகவே உதவியாளர் நிறுத்தம், அம்மாவுக்கு வருகிற தொகையும் பாதி. எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். ஊனமுற்ற பிள்ளைகளின் வயிற்றில் அடிக்கிறீர்களா, கண் அவிந்துபோச்சா, வீட்டுக்கு வந்து என்னத்தைப் பார்த்தீர்கள் என்று ஒரு பாட்டம் தீர்த்தேன். அந்தக் குமாஸ்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாங்களா எதுவும் எழுதலை சார், எல்லாம் நீங்க சொன்னதுதான் என்று ஒவ்வொன்றாகப் படித்தார். தானே சாப்பிடுவார், தந்தை சொன்னது. இரவில் உதவி தேவையில்லை, தந்தை சொன்னது. யார் தயவும் தேவையில்லை, தந்தை சொன்னது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பின்னால் வளர்ந்த மகனை முதுகில் சுமந்துகொண்டு ஓர் ஆள் நின்றிருந்தார். அண்ணே, நானும் முதல் தடவை இப்படித்தான் பெருமை பீத்திக்கிட்டு மாட்டினேன், மறுபடி பாக்கச் சொல்லிக் கேக்கறதுக்கு நமக்கு உரிமை இருக்கு, இங்கயே எழுதிக் குடுத்துட்டுப் போங்க என்றார். அவருடைய பேனாவையே வாங்கி, தலையைத் தூக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுபடி பார்க்கும் நாள் வரும்வரை வீட்டில் நடந்ததைத்தான் உன்னிடம் மறைத்தேன். அக்கா வருவது நின்றது. எல்லாம் உன் அம்மா தலையில் விழுந்தது, கொஞ்ச நாளில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு நான் இறங்கினேன். உன் தங்கையை எழுப்பி உட்காரவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும், அவளுக்குப் பள்ளிக்கூட வேலை தள்ளித் தள்ளிப் போகும், தலைமையாசிரியர் வேறு ஆளைத் தேடுவதாகக் காதில் விழுந்தது. ஒருநாள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது பெல்ட்டைச் சரியாக மாட்டாமல் இரண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அடிபடவில்லை. ஆனால் என்னால் அவளையும் தூக்க முடியவில்லை, என்னையும் தூக்கிக்கொள்ள முடியவில்லை, கட்டிலில் கிடந்த உன் அம்மா பதறி அழுகிறாள். அந்தச் சத்தம் கேட்டு எதிரில் இருக்கிற சைக்கிள் கடைக்காரர் வந்து தூக்கும்வரை அப்படியே கிடந்தோம். உன் தங்கை முதலில் சிரித்தாள், அப்புறம் நிதானமாக, "குடும்பமா சமாளிக்கிறோம் இல்லப்பா?" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இதோடு புத்தி வந்துவிட்டது என்றுதானே நினைப்பாய்? இல்லை. மறுபடி பார்க்கும் நாளுக்கு முதல்நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா, பழைய கிழிசல் உடுப்பாக எடுத்துவைத்தேன். தலை வாராதே, உள்ளே போனதும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள், அப்போதுதான் மனசு இரங்குவார்கள் என்று பாடம் நடத்தினேன். உன் தங்கை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்தப் படத்திலும் நான் பிடித்ததில்லை. காலையில் தனக்குப் பிடித்த நீல உடுப்பை, அதற்குள் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்த அம்மாவிடம் கேட்டுப் போட்டுக்கொண்டாள். தலையை நேர்த்தியாக வாரிக்கொண்டாள். அலுவலகத்தில் மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் பேச ஆரம்பித்தாள், முதல் எழுத்துக்குத் தவித்தாள், நான் வழக்கம்போல வாயெடுத்தேன், நடுவில் இருந்த அம்மையார் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அறை முழுக்கக் காத்திருந்தது. அப்பா வெளியே இருக்கட்டும், அம்மா போதும் என்றாள் உன் தங்கை. நான் அசடு வழிய, இல்ல மேடம், அவளுக்குச் சரியாச் சொல்ல வராது என்றேன். கூட யார் இருக்கணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும் சார், அது அவங்க உரிமை என்று அவர் சொன்னார். பியூன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பெற்ற மகள் வெளியே போகச் சொல்ல, அத்தனை பேர் பார்க்க எழுந்து நடந்தேன் தம்பி. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தபோது கூனிக் குறுகிப்போனேன்.

ரொம்ப நேரம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை உள்ளே எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது, என்னைப் பற்றித்தான் இருக்கும். ஒருமுறை யாரோ அழுகிற மாதிரி இருந்தது. உன் அம்மாவா, தங்கையா தெரியவில்லை. கடைசியில் அந்த அம்மையாரே வெளியே வந்து எனக்கும் விளக்கிச் சொன்னார். உதவியாளர் திரும்ப வருவார், சாயங்காலமும் ஒருமுறை வருவார், பழைய தொகை முழுதாக வரும். அப்புறம், உங்க மனைவி கேட்ட ஓய்வுக்கும் ஏற்பாடு இருக்கு, அவங்க கொஞ்ச நாள் எங்கயாவது போயிட்டு வரலாம், அதுவரைக்கும் வேற ஆள் வந்து பாத்துப்பாங்க, பாத்துக்கறவங்களுக்கும் அந்த உரிமை உண்டு என்றார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் களைப்பாக இருக்கிறது என்று முன்பின் தெரியாத மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்ல அவளுக்கு ஒருநாளும் வாய் வரவில்லை. உள்ளே என்ன சொன்னீர்கள் என்று வண்டியில் வரும்போது கேட்டேன். அது எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கட்டும் என்று உன் தங்கை முடித்துவிட்டாள். மறுபடி கேட்க எனக்கு முகமில்லை.

இப்போது அக்கா வருகிறார், உன் தங்கை பழையபடி வேலையில் உட்கார்ந்துவிட்டாள், தலைமையாசிரியரும் வேறு ஆள் தேடவில்லை. பாப்பா என்று இனிமேல் கூப்பிடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நீயும் பார்த்துக்கொள். போன் செய்தால் தங்கை எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்காதே, அவள் நம்பருக்கு அடி, அவள் ஆரம்பிக்கும்வரை காத்திரு, லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்று கத்தாதே. உன் பிள்ளையிடமும் யாராவது ஏதாவது கேட்டால் நீ முந்திக்கொண்டு பதில் சொல்லாதே, இந்த விஷயத்தில் என்னைப் போல இருக்காதே. வேளைக்குச் சாப்பிடு. மருமகளிடம் களைப்பாக இருக்கிறதா என்று அவ்வப்போது கேள், இல்லை என்று சொன்னாலும் இன்னொரு தடவை கேள்.

உன் அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், இதுதான் அவள் கேட்ட ஓய்வு. போய்ச் சேர்ந்தாளா என்று மறுநாள் போன் செய்தேன், தூங்குகிறாள் என்றார்கள். மத்தியானம் செய்தேன், அப்போதும் தூங்குகிறாள் என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, மூச்சு வருகிறதா என்று ஒருதரம் பாருங்கள் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். "இத்தனை வருஷத் தூக்கம், இப்பத்தான் தூங்கறா, எழுப்ப மாட்டேன், போனை வைங்க" என்று வைத்துவிட்டார். வைத்த பிறகும் நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆகவே உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், மறந்துவிடாதே. இந்த வாரம் உன் அம்மாவுக்குப் போன் செய்யாதே. அவள் தூங்கட்டும்.

நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா