குதுப் மினாரில் மூணு சுத்து

ஞாயிறு ராத்திரி. டெல்லியிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்தாச்சு.

நேத்து மத்தியானம் குதுப் மினாரைப் பார்த்ததுமே மாமியார், "செருப்பு கழட்டணுமா?"னு கேட்டாங்க. அவசியமே இல்ல. ஆனா நான், "ஆமாங்க அத்தை, பக்கத்து மசூதியையும் சேர்த்து மூணு சுத்து சுத்தணும்"னு சொன்னேன்.

குழந்தைக்காக ஏழு வருஷமா ஒவ்வொரு பௌர்ணமிக்கும் என்னை வெறுங்கால்ல மலையைச் சுத்த வச்சவங்க இவங்கதான். நேத்து மினாரடியில அவங்க சுத்தின கல்லு கொதிச்சுது. நான் நிழல்ல உக்காந்து மூணு சுத்தையும் எண்ணினேன்.

இன்னிக்கு அவங்க பாதம் முழுக்கக் கொப்புளம். நான் மருந்து தடவுறப்போ மெதுவா சொன்னாங்க: "உன் வயித்துல ஒண்ணு தங்கணும்னுதாம்மா அங்கயும் வேண்டிக்கிட்டேன்."

அழுகை வரும்னு பார்த்தேன். வரல. அஞ்சு சுத்துன்னு சொல்லியிருக்கணும்.