பதினொரு சிவப்பு முளைகள்

பாக்கார் ஆராங்
3.3.2024

அன்புத் தங்கச்சி கருப்பாயிக்கு,

உனக்குப் போனில் பாதி காதில் விழாது. நான் கத்தினால் மருமகள் ஷாமளாவுக்கு முழுசும் விழும். அதனால்தான் கடிதம். உறையைப் பசை போட்டு ஒட்டி, மேலே சோற்றுப் பருக்கையும் தேய்த்திருக்கிறேன். பிரித்து ஒட்டிய தடம் இருந்தால் மறைக்காமல் எழுது.

எனக்கு இனிப்புநீர், அதுதான் சர்க்கரை, ஏறிவிட்டது. தினமும் அரை மணி நேரம் நடக்கணுமாம். எங்கே நடப்பது? வாசலில் இறங்கினால் இருபக்கமும் கார். ஓரத்தில் மூடாத லோங்கான், சாக்கடைத் தண்ணீர். அதைத் தாண்டினால் லோரி பறக்கிற ரோடு. மாரியம்மன் கோயில் மாடி ஜன்னலில் தெரிகிறது. கூப்பிட்டால் பூசாரிக்குக் கேட்கும். ஆனால் நடுவே பெரிய கால்வாய். மகன் வசந்தனுக்கு ஓய்வு இருந்தால், காரில் சுற்றிக்கொண்டு போய்ச் சாமி பார்க்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற வெட்டுக்காடு, தண்ணீர்க்குழாய், கடை என்று நாளெல்லாம் நடந்த கால் இது. இப்போது அடுப்படிக்கும் பூட்டின கேட்டுக்கும் நடக்கிறது.

சங்கதி அதுவல்ல. பின்சந்தில் நகராண்மைக் கழகத்து ஆட்கள் சிவப்புச் சாயம் பூசிய மரமுளைகள் அடித்திருக்கிறார்கள். பதினொன்று. வாசுகி என்று ஒரு பெண் நோட்டோடு வந்தாள்.

"பாட்டி, ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் நடப்பீங்க?"

"எதுக்கும்மா? எங்கள எங்க அனுப்பப் போறீங்க?"

"ஐயோ பாட்டி, சும்மா கணக்கெடுக்கறோம் லா."

சும்மாவா கேட்பார்கள்? நடப்பேன் என்றால், தெம்பு இருக்கிறது, வேறு இடம் போகட்டும் என்று எழுதிவிடுவாள். "எந்திரிக்கவே மாட்டேன்" என்றேன். சிவப்பு முளை எதற்கு என்று நமக்குத் தெரியாதா?

உன் அக்கா,
பாப்பம்மா

மெர்கோங்
15.3.2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஒட்டு பிரியவில்லை. நான்தான் கத்தரிக்கோல் தேடினேன்.

எங்கள் தாமான் குடியிருப்பிலும் இப்படித்தான் முளை அடித்தார்கள். வருஷத்துக்குள் நடைபாதை வந்துவிட்டது. ஓரமெல்லாம் மரம், உட்காரப் பலகை. கேட்டுக்கு வெளியே தலை காட்டாத பொம்பளைகள் எல்லாம் ஐந்து மணிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு வருகிறார்கள். தோட்டத்துச் சம்பள நாள் மாதிரி கூட்டம். நானும் பசாருக்கு நடந்தே போய் வருகிறேன்.

உங்கள் முளையும் அதற்காகத்தான் இருக்கும். அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். கை மட்டும் வைத்துவிடாதீர்கள் அக்கா.

கருப்பாயி

பாக்கார் ஆராங்
2.4.2024

கருப்பாயிக்கு,

கை வைத்தாகிவிட்டது. பதினொன்றையும் பிடுங்கி அரிசிச் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறாய். தொண்ணூற்றொன்றிலும் கேட்டேன். சுங்கை லாலாங் தோட்டத்தில் நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால், என் கோழிக்கூண்டை ஒட்டி முதல் முளை அடித்தபோது, தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கேட்டேன். லோங்கான் கட்டப்போகிறோம் என்றார். ஆறே மாசம். லயம் தரைமட்டம். நீ மெர்கோங் போனாய், நான் இங்கே வந்து விழுந்தேன்.

அன்றைக்கு அளக்கிற டேப்பின் மறுமுனையைப் பிடித்தது யார்? உன் வீட்டுக்காரர் ராமையா. நீலச்சட்டை, இடது கை. இத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்தேன். மறந்துவிட்டேன் என்று நினைத்தாயோ?

பாப்பம்மா

மெர்கோங்
20.4.2024

அக்காவுக்கு,

அவரிடமும் லோங்கான் என்றுதான் சொன்னார்கள். எங்கள் லயம்தான் முதலில் இடிபட்டது உங்களுக்கு நினைவில்லையா? நினைவிருக்கும். எழுத மனசு வரவில்லை.

சாகும்வரை உங்கள் வீட்டுப் பேச்சு எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. அவர் போய் ஆறு வருஷம். இனி அவரைத் திட்டுவதானால் எனக்கு எழுத வேண்டாம்.

கருப்பாயி

பாக்கார் ஆராங்
20.7.2024

அன்புத் தங்கச்சிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இதை ஒட்டவில்லை. ஷாமளாதான் தபாலில் போடுவாள்.

போன மாசம் வாசுகி வந்தாள். அழுகிற முகம். "முளையெல்லாம் காணோம் பாட்டி. நடைபாதையும் கோயிலுக்கு ஒரு சின்னப் பாலமும் பிளான்ல போட்டிருந்தோம். மறுபடி அளந்து குடுக்கலன்னா காசு வேற தாமானுக்குப் போயிரும்" என்றாள்.

ஷாமளா மெல்லக் குனிந்து காதோடு சொன்னாள். "அத்தை, கட்டிலுக்கடியில இருக்கறத எடுத்துக் குடுத்துடுங்க லா."

மூன்று மாசமாய் அந்தச் சாக்கைச் சுற்றிக் கூட்டியிருக்கிறாள். வசந்தனிடம் ஒரு வார்த்தை இல்லை. நான்தான் அவள் என்னைப் பூட்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முளைகளைத் தூக்கிக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். குழியெல்லாம் புல் மூடிக் கிடந்தது. எனக்கு மறக்குமா? அந்தக் கோணல் குழாயிலிருந்து நாலடி, சீனன் வீட்டுக் கொய்யாவுக்கு நேராக ஒன்று என்று பதினொன்றையும் காட்டினேன். வாசுகி அளந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். எந்திரிக்கவே மாட்டேன் என்றவள் பின்சந்து முழுக்க இரண்டு தரம் நடந்திருந்தேன்.

பாலம் வந்தால்தான் நம்புவேன். இன்னும் வரவில்லை. காகிதத்தில் காட்டினாள், காகிதம் நிறையப் பார்த்தவள் நான். இந்த ஆடிக்கும் கோயிலுக்குக் கார்தான். நேற்று முதல் வெள்ளி, வசந்தன் கொண்டுபோய் விட்டான்.

ஒன்று சொல்லணும். அளக்கும்போது அவளோடு வேறு ஆள் இல்லை. "பாட்டி, இந்த முனையக் கொஞ்சம் பிடிங்க" என்று டேப்பைக் கையில் கொடுத்தாள். என்ன, ஏது, யாருக்கு என்று எதுவும் கேட்கவில்லை கருப்பாயி. சின்னப் பெண் கேட்டாள், பிடித்துவிட்டேன்.

இடது கையால்.

உன் அக்கா,
பாப்பம்மா