வாக்களிச்சுட்டே வா

நவம்பர் 12

நாடாளுமன்றக் குழுக் கூட்டம் இன்றும் இழுத்துக்கொண்டே போனது. பிரசவம் அதிகம் நடக்காத சின்ன ஆஸ்பத்திரிகளை மூடி, மாவட்ட ஆஸ்பத்திரியோடு சேர்க்கப் போகிறார்களாம். வரைபடத்தில் பார்த்தால் எங்கள் ஊர் கோக்-ஜாரிலிருந்து அது ஒரு விரல்கடை தூரம்தான். நடுவில் கணவாய் இருக்கிறது, பனி கொட்டினால் அடைத்துக்கொள்ளும் என்று தொண்டை வறளச் சொன்னேன். கணவாய்க்கு அந்தப் பக்கம் இருப்பதை மூடக் கூடாது என்று மசோதாவில் ஒரு பிரிவு வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

குழுத் தலைவர் முகாம்பெட் சிரித்தார். "உங்க தங்கச்சி மாசமா இருக்கறதால கேக்கறீங்களோ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சாயங்காலம் நுர்சாத் அழைத்தாள். என்னை டிவியில் பார்த்தாளாம். "அக்கா, நீ பேசறது மாமியாரைத் திட்டற மாதிரியே இருக்கு. கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன?" டிவியில் நான் வரும் நாளெல்லாம் இவளிடம் இந்தப் பாட்டு கேட்டாக வேண்டும்.

நவம்பர் 30

பனி இறுகுவதற்குள் தலைநகர் பிஷ்கெக்குக்கு வந்துவிடு, இங்கேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று நுர்சாத்திடம் கெஞ்சினேன். பசு சினையாக இருக்கிறது, அவளைத் தவிர வேறு யாரையும் மடியில் கை வைக்க விடாது என்றாள். அப்புறம் நிஜக் காரணத்தைச் சொன்னாள்.

"இங்க எல்லாப் பொம்பளைங்களும் உன்னை நம்பி உக்காந்திருக்காங்கக்கா. உன் தங்கச்சியே மூட்டை கட்டிட்டா, அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

எனக்கும் முகாம்பெட்டின் சிரிப்பு காதில் கேட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 27

வாக்கெடுப்பு மறுபடியும் தள்ளிப்போயிற்று. ஆனால் மூடுகிறவர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. டாக்டரை மாற்றிவிட்டார்கள். கோக்-ஜார் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பூட்டு. கேட்டால், தற்காலிகம் என்கிறார்கள்.

ஜனவரி 14

கணவாய் அடைபட்டுவிட்டது.

ஜனவரி 21

காலையில் அவையில் இருந்தபோது அசனாலி மாமா அழைத்தார். "நுர்சாத்துக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல. நேத்து பாதையைத் தொறந்துட்டாங்க. வந்து பாத்துட்டுப் போயேன்."

மத்தியானம் வாக்கெடுப்பு இருக்கிறதே, இப்போதே கிளம்பட்டுமா, முடித்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"வாக்களிச்சுட்டே வாம்மா. அவசரமில்ல."

அவசரமில்ல — உயிரோட இருந்தா ஓடி வான்னுதானே சொல்லுவாங்க?

அப்பா போனபோது நான் இங்கே படித்துக்கொண்டிருந்தேன். 'அப்பாவுக்குச் சளி, வா' என்றுதான் கூப்பிட்டார்கள். தூரத்தில் இருப்பவரிடம் சாவை நேராகச் சொல்வது எங்களில் வழக்கமில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகு, பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு சொல்வார்கள். தெரிந்தும், காய்ச்சலாக இருக்கும், வெறும் காய்ச்சல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முகாம்பெட் என் மேசைக்கு வந்தார். தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கேலி எதுவும் இல்லை. நான் அவர் கண்ணைப் பார்த்தேன், அவர் சன்னலைப் பார்த்தார். அவைக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.

என் பிரிவை ஆதரித்து முதலில் எழுந்து பேசியவர் அவர்தான். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. நிறைவேறிவிட்டது. கை கொடுக்க வந்தவர்கள் வாழ்த்துச் சொல்லவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பாவிங்களா. இதை நவம்பர்லயே செஞ்சிருந்தா என்ன?

ஜனவரி 23

நேற்று எழுத முடியவில்லை.

வழியெல்லாம் டிரைவர் ரேடியோ போடவில்லை. நானும் எதையும் கேட்கவில்லை. கேட்காதவரை அவள் இருக்கிறாள் அல்லவா?

ஊர் திருப்பத்தில் வண்டி வளைந்ததும் வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் தெரிந்தது. இந்தப் பனியில் சாவுக்கல்லாமல் வேறு எதற்கு அதைப் போடுவார்கள்? எங்கள் வழக்கப்படி ஆண்கள் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று ஓவென்று அழுதார்கள். மாமா வாயைத் திறக்கும்போதே, தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

"தெரிஞ்சாலும் நாங்க சொல்லித்தாம்மா ஆகணும்" என்றார்.

உட்காரவைத்துச் சொன்னார். குழந்தை பிறந்த பிறகு இரத்தம் நிற்கவே இல்லையாம். அவள் புருஷன் ஜிர்கல்பெக் டிராக்டரில் படுக்க வைத்து, கணவாய் அடிவாரம் வரை கொண்டுபோனானாம். அதற்கு மேல் வழியில்லை. திரும்பி வரும்போது போய்விட்டாள். மறுநாள்தான் பாதையைத் திறந்தார்கள்.

குழந்தை நன்றாக இருக்கிறது. பெண். கூடாரத்துக்குள்ளே என் மடியில் கொண்டுவந்து போட்டார்கள். ஒப்பாரி வைக்க வேண்டியவள் நான்தான், கூடப்பிறந்தவள் ஆயிற்றே. அவையில் அத்தனை பேச்சுப் பேசினேன். இங்கே எனக்கு ஒரு வரிகூட வரவில்லை.

கட்டி இழுத்துட்டாவது வந்திருக்கணும் அவளை.

பிப்ரவரி 19

பசு கன்று போட்டதாம். பால் கறக்க ஜிர்கல்பெக் நுர்சாத்தின் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு போகிறான். அப்போதுதான் நிற்கிறதாம்.

ஏப்ரல் 18

கோக்-ஜாரில் நேற்று ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். புது டாக்டர் வந்துவிட்டார். ரிப்பனை நீங்கள்தான் வெட்ட வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றேன். பேசியாவது ஆக வேண்டும் என்றார்கள். பேசினேன். பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஜிர்கல்பெக் வரவில்லை.

இன்று சாயங்காலம் என் பேச்சை டிவியில் போட்டார்கள். போனை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தேன். முழுதாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

சரியாத்தான்டி சொல்லியிருக்கே. மாமியாரைத் திட்டற மாதிரிதான் இருக்கு.