ஓசூர் கோபமும் ராஜபாளையம் டீயும்

அன்புள்ள மருமகளுக்கு, ராஜபாளையத்திலிருந்து தாய்மாமன் இருப்புக்கொள்ளாமல் எழுதுவது.

இதெல்லாம் நடக்கும்னு நான் அப்பவே சொன்னேன். நீ உங்கப்பன் பேச்சை மீறி அந்தப் பையன் பென்சனைக் கட்டிக்கிட்டு ஓசூருக்குப் பஸ் ஏறின அன்றைக்கே, "இனி ஸ்ரீவில்லிபுத்தூர்ல உங்கப்பன் கிண்டுற பால்கோவா அடிப்பிடிக்கும்"னு சொன்னேன். எவன் கேட்டான்?

நெட்வொர்க் என்றால் செல்போன் டவர் என்று உன் அம்மா நினைக்கிறாள். அது இல்லை, தாயி. ஒன்றை இழுத்தால் எங்கேயோ இன்னொன்று ஆடும், அதுதான் நெட்வொர்க். உன் அப்பா அடுப்படியில் நின்று ரோட்டையே பார்க்கிறார். கிண்டுகிற கை நிற்குது, பால்கோவா கருகுது. அதனால் கடைக்குப் பாதிப் பால்தான் வாங்குகிறார். பால்காரர் வல்லரசு மிச்சத்தை எங்கள் டீக்கடையில் ஊற்றிவிட்டுப் போகிறார். ஓசூரில் நீ கோபமாக இருக்கிறாய், இங்கே எனக்கு டீ கட்டியாக வருது! ஜப்பான்காரன்கூட இதைக் கண்டுபிடிக்கவில்லை.

எனக்கு உட்காரவும் முடியல, படுக்கவும் முடியல. ஆடிப்பூரத் தேருக்கு வந்துரு. நேற்று உன் அப்பாவே, "வந்தா வரட்டும், வாசல் தொறந்துதான கெடக்கு"ன்னாரு.

இப்படிக்கு,
உன்மேல் உயிரான மாமன்.

விட்டுப்போனது: உன் அப்பா அப்படிச் சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன். நீ போனில் அவரைப் பற்றிக் கேட்டு அழுததாக அவரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அதைக் கேட்டதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அது சத்தியம். நீ வந்தால் அவர்கிட்ட என்னைக் காட்டிக் கொடுத்துராத, தாயி.