ஆற்றில் பேச்சுத்துணை

மார்ச் 9, வெள்ளி.

எட்டு நாளைக்குப் பிறகு இன்றுதான் குளித்தேன். எங்கள் தோட்டத்து லயத்துப் பீலிக் குழாயில் முன்பெல்லாம் பங்குனியிலும் தண்ணீர் விழும். இந்த வருடம் தையிலேயே நின்றுவிட்டது. அதிலிருந்து ஆற்றுக்குத்தான் இறங்க வேண்டியிருக்கிறது. ஆற்றுக்கு மேலே புசல்லாவை ரோட்டில் துப்பாக்கியோடு ஆமிக்காரர்கள் நடந்து திரிகிறார்கள்.

முன்பு சுவருக்கு அடுத்த பக்கத்துக் காம்பராவில் இருந்த செல்வி துணைக்கு வருவாள். ஒருத்தி குளிக்கும்போது மற்றவள் ரோட்டைப் பார்த்து நிற்பாள்.

"நான் பேசிக்கிட்டே இருக்கேன்க்கா. பேச்சு நின்னுச்சுன்னா ஆள் வருதுன்னு வெளங்கிக்கங்க" என்பாள்.

போன ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவள் பிள்ளைகளோடு வவுனியாவுக்குப் போய்விட்டாள்.

இன்று ஆற்றில் தனியாகத் தலைக்குச் சவுக்காரம் போட்டிருந்தபோது சப்பாத்துச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. "செல்வி, துண்டை எடு" என்று கத்தினேன். "இந்தா வாறேன்க்கா" என்று நானே குரலை மாற்றிப் பதிலும் சொன்னேன். சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நகர்ந்து போனது.

வீடு வரும்வரை இரண்டு குரலிலும் பேசிக்கொண்டே வந்தேன். கதவைப் பூட்டிய பிறகும் பேசினேன். இப்போது தொண்டை கட்டிவிட்டது. பேச்சை நிறுத்தத்தான் பயமாக இருக்கிறது.